ஒரு வார்த்தைக்காகச் சாத்திய கதவு

எண்பதுகளில் பழவேற்காட்டில் ஓர் இறால் கம்பெனிக்கு ஏஜெண்டாக இருந்தேன். போட்டிக் கம்பெனிகளுக்குத் தெரியக் கூடாது என்று, லாரி வரும் விவரம் மெட்ராஸிலிருந்து சங்கேதத் தந்தியாகத்தான் வரும். கம்பெனி கொடுத்த சங்கேதப் புத்தகத்தைப் பார்த்து நான் பிரித்துப் படிக்க வேண்டும். ஒரு வார்த்தை பொருந்தாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது கம்பெனி விதி.

அன்று காலை வந்த தந்தியில் இரண்டாவது வார்த்தை புத்தகத்திலேயே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு திரும்பத் திரும்ப முதலிலிருந்தே பார்த்தேன். வெளியே இறால் கூடைகளோடு குப்பத்து சனம் காத்திருந்தது. ஏரியில் வலை போட அன்றுதான் அவர்கள் முறை. அடுத்த முறை வர நாளாகும்.

கூடைக்காரர் தேவகி கதவைத் தட்டினார்.

"இன்னா சார், ஐஸெல்லாம் கரைஞ்சி ஓடுது. லாரி வருதா இல்லியா?"

"ஒரு வார்த்தை புரியல. இரும்மா."

"அந்த ஒண்ண வுட்டுட்டு மீதிய படி சார்."

படித்தேன். லாரி வராது, பத்து மணி பஸ்ஸில் கூடைகளை மீஞ்சூருக்கு ஏற்று என்றிருந்தது. அப்போது மணி பதினொன்றரை. அடுத்த பஸ் மாலையில்தான்.

மாலையில் இறாலைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். தந்தியில் ஓர் எழுத்து மாறியிருந்ததாம், பிறகு தெரிந்தது.

இன்றும் மூடிய அறையில் என்னால் உட்கார முடிவதில்லை. அந்தத் தந்தியைப் போட்டிக்காரர் யாரும் படிக்கவில்லை. நேரத்துக்கு நானும் படிக்கவில்லை.