சஷ்டிக்கு லீவு எடுத்த மச்சான்

போன கிழமை காலை ரேடியோவில் படித்த மனிதர்கள் இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் எந்த நாட்டில் கூடுதலான சனம் வேலையில் இருக்கிறது என்று. கிழமை ஏழு நாளிலும் சேர்த்து ஒரு மணித்தியாலம் சம்பளத்துக்கு வேலை செய்தாலும் அவர் 'வேலையில் இருப்பவர்'தானாம். எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது.

அப்படியென்றால் என் மச்சானும் அந்தக் கணக்கில் இருந்திருப்பாரே!

மச்சான் என்றால் என் தங்கையின் கணவர், நேசன். ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் கனகாலம் வேலை செய்தவர். பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனில் ஹவுன்ஸ்லோவுக்கு வந்து சேர்ந்தார். உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை?

ஜெர்மனியில் அந்த வேலையை எடுக்க அவர் பட்ட பாடு... பாஷைக்கு ஒரு வகுப்பு, வேலைக்கு ஒரு வகுப்பு, பிறகு சோதனை. ஆனால் உள்ளே போய்விட்டால் ஆளை அசைக்க முடியாது. லீவு கேட்டால் லீவுதான். வருசாவருசம் கந்தசஷ்டிக்கு லீவு எடுத்து, போனை நிற்பாட்டிவிட்டு, ஆறு நாளும் விரதம் இருப்பார்.

இங்கே? வந்த கிழமையே வேலை! விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற இடம், ஏஜென்சி மூலம். "லண்டன் லண்டன்தான் மச்சான்!" என்று துள்ளினார். நிரந்தர மணித்தியாலம் கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. மெசேஜ் வந்தால் ஷிப்ட். உடனே பதில் போடாவிட்டால் அது வேறொருவருக்கு. சில கிழமைகளில் வந்ததே ஒரேயொரு ஷிப்ட்தான்.

சஷ்டி வந்தது. மனுசன் வேலையிடத்துச் சூப்பர்வைசர் பெண்ணிடம் வாயால் சொன்னார் — ஜெர்மனிப் பழக்கம். ஏஜென்சிக்குச் சொல்லவில்லை. போனை நிற்பாட்டினார். பாரணைச் சாப்பாட்டோடு விரதத்தை முடித்துப் போனைத் திறந்து பார்த்தால் வரிசையாக மெசேஜ்கள். கடைசி மெசேஜில், இனி உங்களுக்கு ஷிப்ட் இல்லை.

தங்கை அழைத்தாள். நோர்பரியில் என் வீட்டிலிருந்து ஓடினேன்.

"முருகனுக்குச் சொல்லியிருக்கிறார், ஏஜென்சிக்குச் சொல்லேல்லை அண்ணை!"

"சூப்பர்வைசருக்குச் சொன்னனான்தானே?" என்றார் நேசன்.

"அவவோ உங்களுக்கு மெசேஜ் அனுப்புறது?"

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக என்னிடம் சொன்னார்: "நான் தனிய ஜெர்மனிக்குத் திரும்பிப் போறன் மச்சான். பழைய இடத்தில கேட்டுப் பாக்கிறன். இவையள் இஞ்சை நிக்கட்டும். பிள்ளையளின்ரை படிப்பைக் குழப்பேலாது."

தங்கை அடுப்படிக்குள் போய்விட்டாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிரிந்து பிரிந்துதானே இந்தக் கண்டம் முழுக்கச் சிதறினோம். இன்னுமா?

பாரிஸில் இருக்கிற என் சித்தப்பா மகனிடம் அங்கே வேலை நிலைமை எப்படி என்று கேட்டுப் பார்த்தேன். "இஞ்சை நிரந்தர வேலை குதிரைக்கொம்பு அண்ணை. கிடைச்சவன் ராசா. கிடைக்காதவன் என்னைப்போல கோப்பை கழுவுறான்."

யோசித்துப் பாருங்கள். அங்கே ஜெர்மனி, பிரான்ஸில் கதவு திறப்பது கஷ்டம், உள்ளே போனால் இருக்கக் கதிரை உண்டு. இங்கே கதவு எப்போதும் திறந்தபடி — உள்ளே வரவும், வெளியே தள்ளவும்! எது நல்லது? எனக்குச் சொல்லத் தெரியாது. அதிகம் படிக்காதவன் நான். முருகா, பிள்ளைகளிடமிருந்து தகப்பனைப் பிரித்துவிடாதே என்று மட்டும் கேட்டேன்.

இரண்டொரு நாளில் நேசன் போனில் கத்தினார். "மச்சான், அந்தச் சூப்பர்வைசர் மனுசி கூப்பிட்டது!"

கிரேஸ் என்று பெயர். கானா நாட்டுப் பெண். ஏன் நேசனைக் காணோம் என்று ஏஜென்சியைக் கேட்டிருக்கிறார். நம்ப முடியாத ஆள் என்று பதில் வந்திருக்கிறது.

"என்னட்டைச் சொல்லிப்போட்டு விரதத்துக்குப் போனவர், நானும் சேர்ச்சில உபவாசம் இருக்கிறனான், எண்டு மனுசி சண்டை பிடிச்சிருக்கு மச்சான்!"

சண்டையோடு கிரேஸ் விடவில்லை. மேலிடத்தில் பேசி, ஏஜென்சி இல்லாமல் கம்பனியிலேயே நேசனுக்கு நிரந்தர வேலை எடுத்துக் கொடுத்துவிட்டார். மணித்தியாலம் நிச்சயம். லீவும் நிச்சயம்.

"அப்ப ஜெர்மனிக்கு?" என்றேன்.

"இனிச் சொக்லேட் வாங்கத்தான்!"

அப்பாடா... அன்றுதான் என் தங்கை சிரிக்கிற சத்தத்தைப் போனில் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை எல்லோருமாக லூயிஷாம் கோவிலுக்குப் போனோம். நேசன் அர்ச்சனைத் தட்டை நீட்டினார்.

"ஆற்றை பேருக்கு?" என்று கேட்டார் ஐயர்.

"கிரேஸ்."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. நல்ல நட்சத்திரமாத்தான் இருக்கும்."