தேதி இல்லாத விளம்பரம்

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு சின்ன நூலகம் என் பொறுப்பில் இருந்தது. நூலகர், எழுத்தர், பெருக்குபவர் எல்லாம் நான் ஒருவனே. அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமைகளில் நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை ஒன்றும் உண்டு. வேண்டிய தகவலை எப்படித் தேடி எடுப்பது, எடுத்ததை நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது என்று வகுப்பு நடத்தினேன். காலையில் பள்ளிப் பிள்ளைகள். மதியம், சந்தைக்கு வந்துபோகும் பெரியவர்கள்.

1. சிறுசுகள்

முதல் நாள், யானை எத்தனை வருஷம் வாழும் என்று கேட்டு ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்தேன். பிள்ளைகள் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். புத்தகத்தின் கடைசியில் அகரவரிசைப் பட்டியல் இருக்கும், அதில் 'யானை' பார்த்தால் பக்க எண் கிடைக்கும் என்று காட்டினேன். பிடித்துக்கொண்டது வினை. அதற்கப்புறம் கதைப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து, முடிவைத் தெரிந்துகொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

2. பெருசுகள்

பெரியவர்களிடம் சிக்கல் வேறு. மிளகுக் கொடிக்கு மருந்து விற்பவன் கொடுத்த நோட்டீஸைக் கொண்டுவந்த மஞ்சக்குட்டை கிராமத்து விவசாயி ஒருவர், "அச்சுல போட்டிருக்குதுங்களே, பொய்யாப் போடுவாங்களா?" என்றார். எழுதியது யார், எப்போது எழுதியது என்று முதலில் பாருங்கள், யாருடைய ஞாபகத்தையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அடித்துப் பேசினேன். பேசும்போது எனக்கே என்மேல் மதிப்பு கூடியது.

அந்த வகுப்பில் செல்லம்மா இருந்தார். வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்.

3. ஓட்டை

ஒரு ஞாயிறு, பிள்ளைகள் வகுப்பு முடிகிற நேரத்தில் செல்லம்மா மகள் மல்லிகாவோடு வந்தார். மல்லிகா ப்ளஸ் டூ தேறியிருந்தாள். நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் ஒன்றைப் பேப்பரிலிருந்து வெட்டி, நான்தான் நூலக அறிவிப்புப் பலகையில் மைதாப் பசையால் ஒட்டியிருந்தேன். அதைச் செல்லம்மா விரல் வைத்துப் படித்தார். 'விளம்பரம் வெளியான நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"ஏனுங்க சார், இது எந்தத் தேதிப் பேப்பருங்க?"

தேதி இல்லை. வெட்டும்போது அதையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போன வாரத்துப் பேப்பர்தான், நிறைய நாள் இருக்கிறது, நிதானமாக எழுதலாம் என்றேன்.

"நெனப்புல சொல்றத நம்பக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார், நொம்பப் பணிவாக.

என் முகம் சுருங்கிப்போனது. பிள்ளைகள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரணிலிருந்து பழைய பேப்பர் கட்டுகளை இறக்கினேன். நான் வெட்டுவதில் தாராளம். பேப்பருக்குப் பேப்பர் ஓட்டை. எந்த ஓட்டை இந்த விளம்பரத்துடையது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் வகுப்பு கீதா ஒரு வெள்ளைத் தாளைப் பலகைமேல் வைத்து விளம்பரத்தின் அளவுக்கு வெட்டினாள். அதை ஒவ்வோர் ஓட்டையிலும் வைத்துப் பார்த்தால் ஆயிற்று என்றாள். பிள்ளைகள் தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் ஓர் ஓட்டையில் தாள் அச்சாகப் பொருந்தியது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். மறுநாளே கடைசி நாள்.

என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போயிருக்கும். மல்லிகா ஜீப் பிடித்து ஊட்டுக்குப் போய்ச் சான்றிதழ்களைக் கொண்டுவந்தாள். நான் உட்கார்ந்து நகல் எழுதினேன். ஆஸ்பத்திரியில் டூட்டியிலிருந்த டாக்டர் சான்றொப்பமிட்டார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தாயும் மகளும் சேலம் போய், விண்ணப்பத்தை நேரில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த வகுப்பில் என் தப்பை நானே சொன்னேன். பெரியவர்கள் பெருந்தன்மையாகத் தலையாட்டினார்கள். பிள்ளைகள் அப்படியில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று நான் சொன்னால்கூடக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

4. கடிதம்

சில வாரம் கழித்து செல்லம்மா ஒரு கவருடன் வந்தார், மல்லிகா பின்னாலேயே. கவர் இன்னும் பிரிக்கப்படவில்லை. படித்துச் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"நானே படிக்கிறனுங்க சார். செத்த இருங்க."

பெஞ்சில் உட்கார்ந்து, முகவரியிலிருந்து ஆரம்பித்தார். 'தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளார்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டார். தேர்ந், தெடுக், கப், என்று ஒவ்வொன்றாகத் தாண்டினார். எனக்கு நுனிநாக்கில் வந்து நின்றது. மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டவுடன் பதில் சொல்வதுதான் நூலகர் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். சொல்லாமல் பக்கத்தில் இருப்பதும் அந்த வேலைதான் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

செல்லம்மா கடைசி எழுத்து வரை போய்ச் சேர்ந்தார். பிறகு முதலிலிருந்து அந்தச் சொல்லை ஒரே மூச்சில் இன்னொரு தரம் படித்தார்.