கொக்குகளுக்கு அடித்த தேங்காய்

தவரத்தினம் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறிவிட்டார் என்ற கதை பாரிசில் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் வடக்கு முனையில் ஒரு குளிர்காலம் முழுக்க ஓடியது. கிளப்பியவர் மளிகைக் கடைக் கரிகாலன் என்று சிலர் சொன்னார்கள். கரிகாலனைக் கேட்டால், அழகு நிலையம் வைத்திருக்கும் யசோதா சொன்னதைத்தான் தானும் சொன்னதாகச் சொல்லுவார். சாட்சிக்குக் குறைவில்லை. ஐம்பத்தாறு வயது மனுசன் சனிக்கிழமை மத்தியானமானால் நீலமும் வெள்ளையுமாய்க் கழுத்தில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு ரயில் ஏறுகிறார். திரும்பி வரும்போது தொண்டை அடைத்திருக்கிறது. கூட்டமாய்க் கத்திப் பாடுகிறவர்களுக்குத்தான் அப்படி அடைக்கும். போதாததற்கு மார்ச் மாதம் கார் து நோர் ரயில் நிலைய வாசலில், எழுபது வயது வெள்ளைக்காரி ஒருத்தி அவரைக் கட்டிப்பிடித்து அழுததை யசோதா தன் கண்ணாலேயே பார்த்தாள். சபை இல்லாமல் வேறென்ன?

கதை நல்ல கதைதான். ஆனால் உண்மையில் நடந்தது அதைவிடக் கேவலம். அதனால்தான் சம்பந்தப்பட்டவர் வாயைத் திறக்காமல் இருந்தார். அது இதுதான்.

தவரத்தினம் போய்க்கொண்டிருந்தது ஐஸ் ஹொக்கி பார்க்க. பாரிசுக்கு வடக்கே பியர்ஃபித்தையும் தாண்டி மேலே போனால் ஒரு ஊர் வரும். பெயரைச் சொன்னால் அந்த ஊர்ச் சனத்துக்கு வெட்கமாகிவிடும், விடுவோம். அந்த ஊர் அணியின் பெயர் கொக்குகள். பிரான்சின் மூன்றாம் பிரிவு, அதிலும் அடி. அதற்குக் கீழே போட்டி என்று ஒன்று கிடையாது, பொழுதுபோக்குக்குச் சறுக்கலாம். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் இரண்டே பேர். மற்றவர்களெல்லாம் கிழமை முழுக்கக் குழாய் திருத்தி, பஸ் ஓட்டி, சனிக்கிழமை காலில் சறுக்குக் கத்தி கட்டிக்கொண்டு வருகிறவர்கள்.

அதில் ஒருவன் நிக்கோலா. தவரத்தினம் கோப்பை கழுவுகிற ரெஸ்ரோரண்டில் அவன் சமையல்காரன். ஒன்பது வருசத்துக்கு முன்னம் ஒரு நாள், பார்க்க ஆளில்லை, சும்மா வா என்று கூட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு தவரத்தினத்துக்கு அடிபடுகிற கறுப்பு வில்லை எங்கே ஓடுகிறது என்றே கண்ணில் படவில்லை. கால்தான் விறைத்தது. கொக்குகள் எட்டுக்கு இரண்டு என்று தோற்றார்கள். அடுத்த சனி அவர் தானாகவே போனார்.

காரணம் இல்லாமல் இல்லை. முப்பது வருசமாய்ப் பாரிசில் அவர் வந்தாரா, வரவில்லையா என்று எவரும் கேட்டது கிடையாது. இங்கே நிரந்தர ரசிகர்கள் மொத்தம் பதினொரு பேர். ஒருவர் குறைந்தால் ஆட்டக்காரனே தலைக்கவசத்தைத் தூக்கி மேலே பார்த்துக் கேட்பான், தவா எங்கே என்று. பதினொரு பேருக்கும் தலைவி ஜிஸ்லேன், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு பெரிய மேளத்தை மடியில் வைத்து, அணி எத்தனை கோல் வாங்கினாலும் ஒரே வேகத்தில் அடிப்பாள்.

வீட்டில் மனைவி கோசலைக்கு இது விளங்கவே இல்லை.

"இஞ்சருங்கோ, போன கிழமையும் தோல்வியெண்டியள். பிறகேன் போறியள்?"

"இண்டைக்கு வெல்லுவாங்கள்."

"ஒன்பது வருசமா இதைத்தானே சொல்லுறியள். என்னைக் கலியாணம் பேசேக்கையும் பாரிசிலை வீடு இருக்கெண்டுதான் சொன்னனீங்கள்."

அவர் சால்வையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்.

போன மார்ச்சில் கடைசி ஆட்டம். சமநிலையில் முடித்து ஒரு புள்ளி எடுத்தால் கொக்குகள் தப்பும். தோற்றால் பிரிவில் இருந்து இறங்க வேண்டும். இறங்கினால் ஐஸ் போடுகிற பழைய இயந்திரத்தைத் திருத்துவதில்லை, ஆட்டம் நடக்கிற கட்டடத்தையே மூடுவோம் என்று நகரசபை எழுதிக் கொடுத்திருந்தது. தவரத்தினம் வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தார். சனிக்கிழமை நல்ல முற்றின தேங்காயாய்த் தட்டிப் பார்த்து ஒன்று வாங்கிப் பையில் போட்டார்.

பிள்ளையாரின் தேர் வந்தால் லா சப்பல் தெருவில் குவித்து வைத்து அடிக்கிறோம். ஒரு காரியத்துக்குப் புறப்பட்டால் வாசலில் அடிக்கிறோம். ஆட்டக்காரர் உடுப்பு மாற்றுகிற அறையில் இருந்து ஐஸுக்குப் போகிற வாசல்தான் இந்தக் காரியத்துக்கு வாசல் என்று அவர் கணக்குப் போட்டார். அங்கே ஒரு சீமெந்துப் படி இருந்தது. ஓங்கி அடித்தார். தேங்காய் சுக்குநூறாய்ச் சிதறியது. நல்ல சகுனம்.

"என்ன செய்யுறாய் தவா?" என்று ஜிஸ்லேன் பிரெஞ்சில் கேட்டாள்.

"தடையெல்லாம் உடையும்."

"அப்ப இன்னும் பத்து கொண்டு வந்திருக்கலாமே" என்று ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். இருவருமாய் மிச்சத்தைக் குனிந்து பொறுக்கினார்கள்.

பொறுக்காமல் விட்டது ஒரேயொரு சிரட்டைச் சில்லு. படியில் இருந்து ஐஸ் வரைக்கும் நீளமாய் ரப்பர் விரிப்பு போட்டிருக்கும், சறுக்குக் கத்தி மழுங்காமல் இருக்க. அந்தச் சில்லு அதன்மேல் கிடந்தது. முதலில் வந்தவன் கிரிகோரி, கோல் காப்பவன். காலில் தலையணை அளவு மெத்தை கட்டியிருப்பவனுக்குத் தன் பாதமே தெரியாது. கத்தி சில்லில் ஏறியது. கை கீழே அகப்பட விழுந்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் தவரத்தினத்துக்கு மேலே இருக்கை வரை கேட்டது.

மாற்றுக் கோல்காப்பாளன் தன் அக்காவின் கலியாணத்துக்குப் போயிருந்தான். கடைசியில் நிக்கோலாவுக்கே அந்த மெத்தைகளைக் கட்டிவிட்டார்கள். கரண்டி பிடிக்கிறவன் தன்னால் ஆனமட்டும் நின்றான். ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒன்று விழுந்தபோது தவரத்தினம் தன்னையறியாமல் எழும்பிக் கத்தினார். பிறகு உட்கார்ந்து, முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து இறங்கி வரும்போது சில்லைச் சுவரோரம் கண்டார். மூன்று மூலையாய், சின்னன். எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

ரயிலில் ஜிஸ்லேனின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"அது என்ரை தேங்காயாலைதான்."

"தெரியும். நீ சில்லை எடுத்ததைப் பாத்தனான்."

"ஏன் என்னைப் பேசேல்லை?"

"பேசி என்ன? கிரிகோரி நிண்டிருந்தாலும் தோத்திருப்பாங்கள், தவா. ஒன்பதுக்குப் பதிலா நாலோ அஞ்சோ, அவ்வளவுதான்."

அவள் ஏசியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஒன்பது வருசமாய் மேளம் அடித்தவள் ஒரு நாளும் நம்பவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கார் து நோரில் இறங்கி, வாசலில் பிரிந்து போகுமுன் அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். யசோதா பார்த்தது அதைத்தான்.

ஜூனில் ஒருநாள் அவர் தனியாய் அங்கே போனார். மூடியாயிற்று என்று கதவில் கடதாசி ஒட்டியிருந்தது. கண்ணாடியால் எட்டிப் பார்த்தால், ஐஸ் கிடந்த இடத்தில் வெறும் சீமெந்தும் அதில் கொஞ்சம் ஊத்தைத் தண்ணியும். நிக்கோலா வேறு ரெஸ்ரோரண்டுக்குப் போய்விட்டான். ஜிஸ்லேன் தொலைபேசி எடுப்பதில்லை.

சனிக்கிழமைகளில் இப்போது அவர் அணைத்துக் கிடக்கிற தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார். முதல் மாதம் கோசலைக்குச் சந்தோசம். இரண்டாம் மாதம் பயம் பிடித்துவிட்டது.

"எங்கையாவது போட்டு வாங்கோவன்."

"எங்கை போக?"

அவள் பையைக் கொடுத்து மரக்கறி வாங்க அனுப்பினாள்.

கடையில் கரிகாலன் காத்துக்கொண்டே இருந்தவர் போலச் சிரித்தார். யசோதாவும் ஏலக்காய் வாங்குகிற சாட்டில் நின்றாள். கேட்டது கரிகாலன்தான்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. இப்ப சனிக்கிழமையிலை இஞ்சைதான் நிக்கிறியள். சபையாலை விலத்திப்போட்டினமோ?"

தவரத்தினம் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் ஒரு சபைக்கும் போகேல்லை. ஐஸிலை விளையாடுற பொடியள் தோக்கிறதைப் பாக்கப் போனனான். பிள்ளையாருக்குத் தேங்காய் அடிச்சு, கோல் காக்கிறவன்ரை கையை முறிச்சுப்போட்டன். இனி அங்கை ஐஸ் இல்லை. அவ்வளவுதான், வெண்டிக்காயை நிறு."