முத்தம்மா அக்காவும் கொழுந்துக்காரி சிலையும்

புதன்கிழமை காலை சிலைத் திறப்பு விழா அழைப்பிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். முத்தம்மா அக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க மாமா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." திரை விலக்குபவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. அதைக் கோடிட்டு அடிக்க வெகுநேரம் கை வரவில்லை. பிறகு அடித்தேன், வேறு வழியில்லை.

அக்காவை நம் தோட்டத்தில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். தானா ராத்தாவில் நான் குமாஸ்தாவாக இருந்த அரசுக் கட்டடத்தின் முன்கூடத்தில் ஒரு கொழுந்துக்காரியின் சிலை வேண்டும் என்று கிளம்பியவர் அவர்தான். அதற்கு மாநிலச் சட்டமன்றம் ஒப்புதல் தரவேண்டும் என்றார்கள். "கேட்டா தரப்போறாங்க. நீ எழுது தம்பி" என்றார். மனு எழுதும் வேலை அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

ஈப்போவிலிருந்து சிற்பி களிமண் மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். சரிகைச் சேலை, கொண்டையில் பூ, முகமெல்லாம் சிரிப்பு. அக்கா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இவ கல்யாணத்துக்குப் போறாளா, மலைக்குப் போறாளா? இடுப்புல பிளாஸ்டிக் கட்டுங்க. காலுக்கு பூட்ஸ் போடுங்க. செடி ஈரம் சும்மா விடாதுலா." சிற்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அடுத்த மாதம் பூட்ஸ் வந்தது. அடியில் யார் பெயரைப் பொறிப்பது என்று சிலைக் குழுவில் சண்டை கிளம்பியபோது, "பேரு போட்டா ஒரு வீட்டுச் சிலை. போடலன்னா எல்லார் வீட்டுச் சிலை" என்று முடித்துவைத்தார்.

ஒப்புதல் வரும்வரை சிலை நம் தோட்டத்து மண்டபத்தில் இருந்தது. வினை அங்கேதான் வந்தது. புது லாரி வந்தாலும் புது மோட்டார் வந்தாலும் தேங்காய் உடைக்காமல் நம்மால் இருக்க முடியாது. சிலை லாரியிலிருந்து இறங்கியதும் தேங்காய் உடைந்தது, சூடம் எரிந்தது. யாரோ பொட்டு வைத்தார்கள், யாரோ மாலை போட்டார்கள். மறுநாள் அந்தப் படம் ஊரிலுள்ள எல்லாப் போனிலும் இருந்தது. ஒப்புதலுக்கு அனுப்பிய கோப்பு திரும்பி வந்துவிட்டது. இது நினைவுச் சிலையா, வழிபாட்டுச் சிலையா என்று விளக்கம் கேட்டு, விசாரணைக்கும் அழைத்திருந்தார்கள். அரசுக் கட்டடத்தில் சாமி சிலை வைக்க முடியாதே, நியாயமான கேள்விதான்.

விசாரணைக்குப் போவதற்கு முன் அக்கா ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தார். சுற்றி நின்ற பெண்களுக்குப் பொறுக்கவில்லை. "இவ சாமி இல்லடி, நம்மளமாதிரி கூலிக்காரி. கும்பிட்டீங்கன்னா உள்ள விடமாட்டாங்க" என்றார். விசாரணையில், முதலில் தேங்காய் உடைத்தது யார் என்று அதிகாரி கேட்டார். அக்கா எழுந்தார். "சாயா லா, துவான். நான்தான். பழக்க தோஷம். இனிமே நடக்காது."

சட்டமன்றத்தின் அந்தக் கூட்டத்தொடருக்கு நம் கோப்பு போகவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. பழியெல்லாம் அக்காவின் மேல் விழுந்தது. கோலா தெர்லாவில் ஒரு கல்யாணப் பந்தியில், "ஒரு தேங்காய உடைச்சு ஊரு மானத்தையே உடைச்சிட்டியே" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அக்கா பாயசத்தைக் குடித்து முடித்து இலையை மடித்தார். நானும் அதே பந்தியில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் சென்ற மாதம் ஒப்புதல் கிடைத்தது. விடியுமுன் வேனில் கிளம்பி மாநிலத் தலைநகர் குவாந்தானுக்குப் போய், சட்டமன்றப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு சாலைக்கும் ஒரு கால்வாய்க்கும் நடுவில் நம் தீர்மானம் வந்தது. டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை, நிறைவேறிவிட்டது. "அவ்வளவுதானா?" என்றார் அக்கா. அவ்வளவுதான் என்றேன். "அப்ப சாப்பிடப் போலாம்லா, பசிக்குது."

இனி நான் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று. அந்தத் தேங்காயை உடைத்தவன் நான். சிலையை இறக்கும் கூச்சலில் அக்காவைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. சிலையைப் பார்த்ததும் என் அம்மா கூடையோடு நிற்பதுபோல் இருந்தது, கை தானாகப் போய்விட்டது. விசாரணையில் எழுந்திருக்கத்தான் பார்த்தேன். அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு எழுந்தார். திரும்பும்போது காரில் அழுதேன். "உனக்கு கவர்மெண்டு வேலை, நாளைக்கு பென்ஷன் வேணும். என்னை என்ன பண்ணிடுவாங்க? பேசுறவங்க பேசிட்டுப் போகட்டும்" என்றார்.

பென்ஷன் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற அன்றே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கோழைத்தனம்தான். திறப்பு விழாவில் என்னோடு பேச விருப்பமில்லாதவர்கள் பேசவேண்டாம். அக்காவிடமிருந்து நான் திரும்ப வாங்கிக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். அது என்னுடையது.