இலக்கம் 14, இலக்கம் 15: கிளிமீன்

"மார்ச் 9, ஞாயிறு, காலை 6.40. மீன் சந்தை. இலக்கம் 14: கிளிமீன், பழுப்பு. இலக்கம் 15: கிளிமீன், பச்சை, உதட்டோரம் நீலக்கோடு. இரண்டும் வெவ்வேறு இனம்."

என் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது. கடைசி வசனம் பிழை. அதை நான் வெட்டவில்லை. பிழை எந்தத் தேதியில் நுழைந்தது என்பதும் ஒரு தகவல்தான்.

நீர்வேலியில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அங்கே அடுப்பில் மீன் ஏறுவதில்லை. ஆகவே எனக்கு மீன் என்றால் சந்தையில் ஐஸ் மேல் கிடக்கும் நிறம், அல்லது புத்தகப் படம். ஓய்வுபெற்ற பிறகு, வடக்குக் கரையின் முருகைக்கற்பாரில், அதாவது பவளப்பாறையில், வாழும் மீன்களை ஒரு பட்டியலாக்கத் தொடங்கினேன். கரவெட்டிப் பக்கத்தில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடச் சுவரில் வரைவிக்கப் போவதாகச் சொன்னார்.

"ஜூன் முதல் கிழமை பெயின்ரர் வாறார் ஐயா. ஒருக்கா கீறினால் பிள்ளையள் வருசக்கணக்கா அதைத்தான் பாத்துப் படிக்குங்கள். எல்லாம் சரிதானே?"

'ஓம்' என்று சொல்ல வாயெடுத்தேன். கண் 14, 15 இல் நின்றுவிட்டது. நிறம் வேறு, ஆனால் இரண்டுக்கும் ஒரே மாதிரியான கிளியலகு. எப்போதும் ஒரே கூடையில்தான் வந்தன.

"மே முடிய முன்னம் சொல்லுறன்" என்றேன்.

அடுத்த ஞாயிறு, வழக்கமாக எனக்கு மீன் காட்டுகிற முஸ்லிம் வியாபாரி நானாவின் கடைக்குப் போனேன்.

"நானா, உந்தப் பழுப்பும் பச்சையும் வேறை வேறை மீன்தானே?"

"ஆர் சொன்னது?"

"நான்தான் எழுதி வைச்சிருக்கிறன்."

"எழுதினது இருக்கட்டும். வயித்தைக் கீறிப் பாத்தனீங்களோ?"

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். "அவர் கத்தரிக்காயைத் தவிர வேறை என்னத்தைக் கீறியிருப்பார்!"

நானா கத்தியை எடுத்தார். மூன்று பழுப்பில் இரண்டில் மஞ்சளாகச் சினை இருந்தது. இரண்டு பச்சையிலும் இல்லை.

"இடம்பெயர்ந்து புத்தளத்திலை இருக்கேக்கையும் கீறினனான், ஊருக்குத் திரும்பி வந்தும் கீறுறன். பச்சையிலை சினை ஒரு நாளும் கண்டதில்லை. புருசன் பெண்சாதியைப் பிரிச்சுப் போட்டியளே ஐயா!"

மீன் சமைக்கும் எந்தக் குசினியிலும் எனக்கு இந்தப் பிழை நேர்ந்திருக்காது.

ஆனால் வீட்டில் புத்தகங்களைப் புரட்டியபோது விஷயம் இன்னும் நீண்டது. கிளிமீன்கள் பலவற்றில், கூட்டத்தின் பச்சை ஆண் இல்லாமற் போனால் பெரிய பெண் ஒன்று நிறம் மாறி ஆணாகிவிடுமாம். எங்கள் பாரிலும் அப்படியா? சுவரில் எழுதுமுன் என் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எனக்குக் கிணற்று நீச்சல்கூடச் சரியாக வராது. சிறுவயதில் குளத்தில் வாழைக்குற்றியைப் பிடித்து மிதந்ததுதான் பழக்கம். ஆகவே குலை வெட்டிய வாழையில் ஒரு பாகம், அதாவது ஆறடி, நீளத்துக்குத் துண்டு எடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வடமராட்சிக் கரைக்குப் போனேன். படகுக்காரர் என்னைவிட இளையவர்.

"என்ன அண்ணை, கடலிலை வாழை நடப்போறியளோ?"

"நான் தாழாமல் இருந்தால் போதும்."

நெஞ்சைக் குற்றியில் போட்டு, சுழியோடிகளின் கண்ணாடியுடன் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். முதல் நாள் உப்புத் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் பார்த்தேன். முன்னால் ஒரு பச்சை. பின்னால் ஆறேழு பழுப்பு. கல்லைச் சுரண்டும் சத்தம் காதில் தெளிவாகக் கேட்டது. தின்ற கல், பின்புறம் வெண்மணலாகப் புகைபோல் கொட்டியது. ஒரு பெரிய கலவாய் மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்க, விரல் நீளமுள்ள நீலக்கோட்டு மீன் அதற்குள் புகுந்து பல்லிடுக்கைக் கொத்தியது. இந்த நிறங்கள் எதுவும் சந்தையில் நான் எழுதியவை அல்ல. பழுப்புகளில் பெரியதன் வாலில், மேல் மூலையில் ஒரு வெட்டு இருந்தது. அதை அடையாளமாக வைத்துக்கொண்டேன்.

மே 4 அன்று பச்சையைக் காணவில்லை.

"ஆரின்ரையோ வலையிலை பட்டிட்டுது. ஆர் எண்டு கேக்காதேங்கோ" என்றார் படகுக்காரர்.

மே 11: வால் வெட்டுள்ளது முன்னால் போகிறது. மே 18: அதன் தலையில் இலேசான பச்சை, வெயில் விழுந்த கோணமாகவும் இருக்கலாம். மே 25: காற்றுப் பெயர்ந்து தண்ணீர் கலங்கிவிட்டது. இரண்டு மணித்தியாலம் கிடந்தேன். என் கையே எனக்குத் தெரியவில்லை.

"காணும் அண்ணை, ஏறுங்கோ. மாறினது எண்டு சொல்லிவிடுங்கோ. மீன் வந்து வழக்குப் போடுமே?"

"கண்டதைத்தான் சொல்லுவன்."

மே 30 அன்று ஆசிரியையிடம் திருத்திய தாளைக் கொடுத்தேன். பழுப்பும் பச்சையும் ஒரே இலக்கத்தின் கீழ், பெண், ஆண் என்று. நிறம் மாறுவது பற்றி ஒரு வரியும் இல்லை.

"அந்த மாறுற கதைதானே ஐயா பிள்ளையளுக்குப் பிடிக்கும்?"

"எனக்கும் பிடிக்கும் ரீச்சர். அதுக்குக் கீழை ஒரு வரிக்கு இடம் விட்டுக் கீறச் சொல்லுங்கோ. கண்டால் வந்து சொல்லுறன்."

அப்படியே வரைந்தார்கள். கடல் தெளிந்தபின் நான்கு தடவை போய்விட்டேன். அந்தப் பாரில் இப்போது ஒரு பச்சைக் கிளிமீன் இருக்கிறது. நான் நெருங்கும்போதெல்லாம் திரும்பி விலகுகிறது. வாலின் மேல் மூலையை இன்னும் பார்க்கக் கிடைக்கவில்லை. அது அந்தப் பழுப்பு மீன்தானா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.