மூன்றாவது தூண்டில்

தூண்டில் போட வந்த கணவனும் மனைவியும் கரையில் சேர்ந்து நின்றால், அவர்கள் செலவைக் கணக்கெடுக்க வரும் ஓட்டிலி கேள்வியை ஆரம்பிக்கவே மாட்டாள். பனிமூட்டம் இன்று சீக்கிரம் விலகிவிட்டது என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்வாள். பிறகு மனைவியிடம் திரும்பி, "மெமே, வண்டிக் கதவைச் சாத்தினீங்களா? இங்க நரி ரொட்டியைத் தூக்கிட்டுப் போயிடும்" என்பாள். கதவு சாத்தித்தான் இருக்கும். ஆனாலும் நரி என்றால் எந்தப் பெண்ணும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். அவள் பத்தடி தாண்டியதும் ஓட்டிலி காதுக்குப் பின்னாலிருந்து பென்சிலை எடுப்பாள். அம்மா, ஐயா என்பதுபோல அந்த ஊரில் பெண்கள் எல்லோரும் மெமே, ஆண்கள் எல்லோரும் தாத்தே.

"சொல்லுங்க தாத்தே. பெட்ரோல், இரை, ஐஸ், பீர். அப்புறம் கயிறு சுத்தற இந்த ரீல்."

ரீல் என்றதும் எந்த ஆணுக்கும் குரல் இறங்கிவிடும். வண்டிப் பக்கம் ஒரு பார்வை, பிறகு காதோரமாக ஒரு தொகை. மனைவி அருகில் இருந்தால் அதே ரீல் நண்பன் கொடுத்ததாக இருக்கும், அல்லது போன வருடப் பழசாக இருக்கும். இந்தக் கரையில் ரீலுக்கு இரண்டு விலை உண்டு என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஓட்டிலி கண்டுகொண்டாள்.

ஐம்பதை நெருங்கும் கட்டையான உடம்பு. நீலக் கம்பளித் தொப்பி. ஈரத்தில் பேனா எழுதாது என்பதால் பென்சில்தான். 'எத்தனை மீன் கிடைத்தது' என்ற கேள்வியைத் தாளில் முதலில் அச்சடித்திருக்கிறார்கள். அவள் அதைக் கடைசியில்தான் கேட்பாள். நாள் முடியுமுன் மீனை எண்ணிச் சொன்னால் கடல் கையை மூடிக்கொள்ளும் என்று தூண்டில்காரர்கள் நம்புகிறார்கள். "நம்பாதவங்களும் அன்னைக்கு ஒண்ணும் பிடிக்கலேன்னா என்னைத்தான் திட்டுவாங்க" என்பாள்.

தாளில் ஒரு விநோதக் கேள்வி உண்டு. செலவு இன்னும் எவ்வளவு கூடினால் நீங்கள் இங்கே வருவதை நிறுத்துவீர்கள்? இதைக் கேட்டதும் எல்லோருக்கும் வீரம் வந்துவிடும். வடக்கிலிருந்து வந்த பள்ளி ஆய்வாளர் எலியாசர் மார்பைத் தட்டிக்கொண்டார். "நிறுத்தறதா? எங்க மாமியார் சாவுக்கே தூண்டிலோட போனவன் நான்!"

"தொகை வேணும் தாத்தே. சபதம் வேண்டாம்."

அவர் தலையைச் சொறிந்தார். கணக்குப் போட்டார். கடைசியில் ஒரு தொகை சொன்னார். அப்போதுதான் முதல் முறையாக அந்தக் கடலைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அவர் மனைவியிடம் வண்டியருகே தனியாக விசாரித்தபோது அந்த அம்மாள் விறகையும் இறைச்சியையும் அறை வாடகையையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, "ரீல் பழசுன்னு சொன்னாரா?" என்று கேட்டாள்.

"யார் சொன்னதையும் யார்கிட்டயும் சொல்றதில்ல மெமே."

"சொல்ல வேண்டாம். கடைச் சீட்டு சட்டைப் பையிலதான் இருந்துச்சு. நான்தானே துவைக்கிறேன்."

ஊரில் அவளைக் கிண்டிப் பார்க்காதவர்கள் இல்லை. ரொட்டிக் கடையில், தேவாலய வாசலில், யார் புருஷன் எவ்வளவு செலவழிக்கிறான் என்று தோண்டித் துருவுவார்கள். "என் வாய் கல்லு" என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு நடப்பாள்.

அவளுடைய கண்டிப்புக்குக் காரணம் தொண்ணூறாம் மைல். அந்தக் கரையில் இடங்களுக்கு மைல் எண்தான் பெயர். உப்பைக் கெட்டித்துப் போட்ட சாலையோரத்து அந்த மணற்கரையில் உப்பு ஏற்றும் துறை கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருக்கிறது. கட்டினால் அங்கே தூண்டில் விழாது. பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க வருகிறவர்களால் கரைக்கு என்ன பெறுமானம் என்று தலைநகர் விண்ட்ஹூக்கில் இருக்கும் அவள் அலுவலகம் இந்தத் தாள்களை வைத்துத்தான் சொல்லப்போகிறது. இரை விற்பவர்கள், விடுதியில் துணி துவைக்கும் பெண்கள், டயர் ஒட்டுபவர் என்று பாதி ஊருக்கு அந்தக் கரைதான் சோறு. தெற்கே ஒரு கரையில் இப்படித்தான் கணக்கெடுத்தார்கள். எடுத்தவன் தன் மைத்துனன்களைக் கேட்காமல் விட்டுவிட்டான். எதிர்த்தரப்பு அந்த ஒரு ஓட்டையில் விரலை விட்டு மொத்தக் கணக்கையும் கிழித்தது. இப்போது அங்கே முள்கம்பி வேலி.

அதனால் ஓட்டிலிக்கு விதி என்றால் விதி. சீட்டுக் குலுக்கி எந்த மைல் விழுகிறதோ அங்கே போக வேண்டும். வடக்கிலிருந்து எண்ணி ஒவ்வொரு மூன்றாவது தூண்டிலையும் கேட்க வேண்டும். பிடித்த ஆள், பிடிக்காத ஆள் என்று கிடையாது.

அன்று தொண்ணூறாம் மைல் விழுந்தது. ஜீப்பை ஓட்டுபவரும் அவசரத்துக்குக் கணக்கெடுப்பவருமான தாத்தே பிலேமோன்தான் முதலில் பார்த்தார்.

"மெமே, அந்த மூணாவது தூண்டில்ல நிக்கற சிவப்புச் சட்டை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே."

"எங்க?"

"உங்க வீட்டுக் கொடியில."

அவள் கணவன் சில்வானஸ் குழாய் வேலைக்காரன். ஸ்வாகோப்முண்டு நகரில் ஒரு விடுதியில் குழாய் உடைந்துவிட்டதென்று காலையில் கிளம்பிப் போனவன். வீட்டு வாசலில் இரையைக் கெடாமல் வைத்து விற்க ஓட்டிலி ஒரு உறைபெட்டி வாங்க வேண்டும், அதற்குப் பணம் சேரும்வரை கடல் பக்கம் போவதில்லை என்று தேவாலயத்தில் வைத்துச் சொன்னவன். பெரிய தூண்டிலை விற்றாகிவிட்டது என்றும் சொல்லியிருந்தான்.

"ஓட்டி! நீ இன்னைக்குத் தெக்கால போறேன்னு நெனச்சேன்."

"சீட்டு இங்க விழுந்துச்சு. குழாய் என்ன ஆச்சு?"

"அது... சரியாயிடுச்சு."

"கடலுக்குள்ளயா உடைஞ்சுது?"

பிலேமோன் இருமினார். சில்வானஸ் தூண்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "நீ நாலாவது ஆளைப் போய்க் கேளேன். நல்லாப் பேசுவான்."

"நாலாவது ஆள் கணக்குல இல்ல."

"சரி, எழுதிக்கோ. வண்டி நண்பனோடது. இரை ஓசி. தூண்டில் இரவல். ரீல் பழசு. செலவே இல்ல."

ரீல் வெயிலில் பளபளத்தது. அவள் பென்சில் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அவன் பொய் சொல்வது அவளுக்குப் புதிதல்ல. இந்த ஒரு மாதமாக மனைவி அருகிலிருக்கும் ஒவ்வொரு கணவனிடமும் இதே பாட்டைக் கேட்டிருக்கிறாள். அதற்காகத்தானே அத்தனை பெண்களையும் நரி பார்க்க அனுப்பினாள். இங்கே யாரை அனுப்புவது? வண்டிப் பக்கம் போக வேண்டிய மனைவி அவளேதான்.

எழுதினால் பொய். விட்டால் ஓட்டை. அதட்டி வாங்கினால் தாளில் வருவது கணக்கல்ல, குடும்பச் சண்டை.

தாள் செருகிய பலகையைப் பிலேமோனிடம் நீட்டினாள். "ஒரு கேள்வி விடாம கேளுங்க தாத்தே. எழுதினதும் தாளை உறையில போட்டு ஒட்டிடுங்க. என்கிட்டக் காட்டாதீங்க."

"அப்புறம் வீட்டுல போய்க் கேப்பீங்களே?"

"வீட்டுல வேற கேள்வி இருக்கு."

"ஓட்டி, கயிறு தண்ணியில கெடக்கு," என்றான் சில்வானஸ் பரிதாபமாக. "இப்ப விட்டா..."

"கொடு இப்படி."

தூண்டிலை வாங்கிக்கொண்டு அலைக்கு நேராக நடந்தாள். பிடிக்கத் தெரியாமல் துடைப்பத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். காற்று அன்று பாலைவனத்திலிருந்து வீசியது. பின்னால் பேசுவதையெல்லாம் அப்படியே அவள் முதுகில் கொண்டுவந்து கொட்டியது. பெட்ரோல் கேட்டது. இரை கேட்டது. இன்னும் நாலடி முன்னால் போனாள், நுரை கணுக்காலைத் தொட்டது, அப்போதும் கேட்டது.

"ரீல் என்ன விலை, தாத்தே சில்வானஸ்?"

திரும்பாமலே அவளுக்குத் தெரிந்தது, சில்வானஸ் அவள் முதுகைத்தான் பார்க்கிறான் என்று. ஓட்டிலி தூண்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கம்பளித் தொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக் காதுகள் மறைய இழுத்துவிட்டு, அதன்மேல் உள்ளங்கைகளை அழுத்தி வைத்துக்கொண்டாள்.