அச்சைத் தொடாத கோடு

சுதந்திரம் வந்த புதிது. இன்டர்மீடியட் கணக்குப் பரீட்சையில் நான் தோற்றேன். ஹைப்பர்போலா வரையச் சொன்னால், அச்சை நெருங்கிக்கொண்டே போக வேண்டிய அந்த வளைகோட்டைக் கொண்டுபோய் அச்சில் முட்ட வைத்துவிடுவேன். ஒன்று கூடக்கூட மற்றது குறைந்துகொண்டே போனால், கடைசியில் ஒன்றுமில்லாமல்தானே போகும்? கமுதிப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்?

மறுபடி எழுதுவதற்காக, சேர்ந்து படிக்கலாமென்று கீழக்கரைக்கு, வகுப்புத் தோழன் காதர் வீட்டுக்குப் போனேன். நோன்பு மாதம். பஸ் தாமதம். காதரைத் தேடி நான் பள்ளிவாசலை அடைந்தபோது நோன்புக் கஞ்சியைப் பங்கிட்டுவிட்டு எல்லோரும் நோன்பு திறக்கும் பாங்குக்காகக் காத்திருந்தார்கள். அண்டா காலி. தயங்கி ஒதுங்கினேன்.

"ஏலே, எங்க போற? இங்கன உக்காரு" என்று காதர் கையைப் பிடித்து இழுத்தான். வெறும் கோப்பை ஒன்றை என் முன்னால் வைத்து, தன் கஞ்சியில் கொஞ்சம் ஊற்றினான். பக்கத்திலிருந்தவர் ஊற்றினார். அடுத்தவரும் ஊற்றினார். என் கோப்பையும் அவர்களுடையதைப் போலவே ஆனது.

அப்போது கடலிலிருந்து நேராக இன்னொருவர் ஓடிவந்தார். இந்த முறை அவருக்கு ஊற்ற என் கோப்பையும் சாய்ந்தது.

"இன்னும் ஆள் வந்தா?" என்றேன்.

"வரட்டுமே. கொறையும். இல்லாமப் போயிராதுல்ல?"

அவன் கஞ்சியைத்தான் சொன்னான். எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. கஞ்சி அதே கஞ்சி. ஆள் கூடுகிறது, பங்கு குறைகிறது, ஆனால் பூஜ்யம் ஆவதில்லை.

அடுத்த பரீட்சையில் என் கோடு தாளின் ஓரம்வரை அச்சை நெருங்கிக்கொண்டே போனது. தொடவில்லை.

இன்றும் சாப்பாட்டு வேளையில் யாராவது வாசலில் வந்து நின்றால், நான் பானையை எட்டிப் பார்ப்பதில்லை.